கியா பார்ம் மலைச்சாரலில் வயிற்றுநோய்: அறிதலும் மதிப்பிடலும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாறு பெரும்பாலும் இடப்பெயர்வு, ஊதியம், தொழிற்சங்கம், பள்ளி, கோயில் ஆகிய பொருள்களை ஒட்டியே எழுதப்பட்டு வந்துள்ளது. தோட்டத் தொழிலாளியின் உடல் அவ்வரலாற்றில் இடம்பெறும்போதும் மலேரியாவே முதன்மை பெறுகின்றது. சர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளான் பகுதியில் மேற்கொண்ட கொசு ஒழிப்புப் பணிகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளமை இதற்கு ஒரு காரணமாகும். ஆயின் தொழிலாளி தன் வாயால் மிகுதியாகச் சொன்ன நோய் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக வயிற்றுவலியே எனலாம். அச்சொல் ஒரு நோயைக் குறிப்பதன்று. பத்துக்கும் மேற்பட்ட நோய்களின் பொதுவாயில் அது. அவ்வாயிலில் நின்றவனை எவ்வழி அனுப்புவது என்னும் முடிவைத் தோட்டங்களில் யார், எதைக் கொண்டு எடுத்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். பகாங் மாநிலக் கேமரன் மலையின் கியா பார்ம் பகுதியும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன. தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களில் உருவான மருத்துவ அறிவு வேறொரு தட்பவெப்பத்துக்குள் கொண்டுவரப்பட்டபோது அது எங்ஙனம் பொருந்தியது, எங்கே பொருந்தாது போயிற்று என்பதைக் காண்பதற்கு இவ்விடம் ஏற்றதாகும்.

சொல்லும் நோயும்

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வயிற்றுநோய் பற்றிய சொற்களின்றி வரவில்லை. வயிறு கடுத்தல், பொருமல், இரைதல், எரிதல், பிசைதல், இழுத்துப் பிடித்தல் என வலியின் தன்மையை வேறுபடுத்தும் வினைச்சொற்கள் பேச்சுவழக்கிலேயே உள்ளன. நெஞ்சுக்கரிப்பு, புளித்த ஏப்பம், குமட்டல், ஓங்கரிப்பு ஆகியவை ஒன்றல்ல என்பதை எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அறிவார். சித்த மருத்துவம் இவற்றை மேலும் முறைப்படுத்தியது. குன்மத்தை எண்வகையாகப் பகுத்து வாயு குன்மம், எரி குன்மம், வலி குன்மம் என அது பெயரிட்டது. கழிச்சல், சீதக்கழிச்சல், கிரகணி, பெருவயிறு, சூலை எனத் தனித்தனி நோய்நிலைகளையும் சுட்டியது. எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழி முதலியவற்றோடு மலமும் சிறுநீரும் இடம்பெறுதல் இங்குக் கருதத்தக்கது. கழிவைக் கண்டு நோயறியும் வழக்கம் நுண்ணோக்கியோடு தொடங்கியதன்று.

இச்சொல்வளத்தை ஐரோப்பிய மருத்துவத்தோடு இணைக்கும் முயற்சி ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். பின்னாளில் மலாயாவின் மருத்துவமனைகளிலும் தோட்டங்களிலும் பணியேற்ற டிரஸர்களில் யாழ்ப்பாணத்தார் கணிசமானோர். ஆயினும் அவர்கள் ஆங்கிலவழிப் பயிற்சியே பெற்றிருந்தனர். கிறீன் கட்டியெழுப்பிய கலைச்சொற்கள் அவர்களோடு கப்பலேறவில்லை. இதனால் நோயாளியும் டிரஸரும் ஒரே மொழியினராயிருந்தும் நோயேட்டில் பதிவானது வேறொரு மொழியாயிற்று. 'வயிறு இறுக்கிப் பிடிக்கிறது' என்றவனும் 'அடிவயிறு கடுத்து இரத்தமாய்ப் போகிறது' என்றவனும் ஏட்டில் ஒரே சொல்லாகச் சுருங்குவதற்கு இது வழிசெய்தது. தமிழாசிரியர்கள் இதனை மொழிபெயர்ப்புச் சிக்கலாக மட்டும் கருதிவிடக் கூடாது. சில நேரங்களில் உயிர்ச் சிக்கலாகவும் அது இருந்துள்ளது.

கொக்கிப்புழுவும் 'சோம்பேறி'யும்

வயிற்றுநோயை இனங்காணும் வரலாற்றில் மலாயாத் தமிழரை உலக மருத்துவ ஆய்வுக்குள் கொண்டுசென்றது கொக்கிப்புழுவாகும். மிலான் நகரில் ஆஞ்செலோ துபினி 1838ஆம் ஆண்டு ஒரு பிணப் பரிசோதனையில் இப்புழுவைக் கண்டார். 1880ஆம் ஆண்டளவில் ஆல்ப்ஸ் மலையின் கோத்தார்டு சுரங்கத் தொழிலாளரிடையே பரவிய சோகைக்கு இதுவே காரணம் என்பது தெளிவாயிற்று. நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ், இதன் இளம்புழுக்கள் தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகின்றன என்று காட்டினார். அவருடைய கையில் தற்செயலாகச் சிந்திய நீரில் புழுக்கள் இருந்தமை இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவன் நோயை வாயால் அன்று, பாதத்தால் பெறுகின்றான் என்பது அதன் பொருள். சேற்றுப்புண் என்று தொழிலாளர் தள்ளிவிட்ட கால் அரிப்புகளுள் ஒரு பகுதி, சில கிழமைகளுக்குப் பின் தோன்றும் மேல்வயிற்று வலிக்கு முன்னறிவிப்பாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை இணைத்துப் பார்க்க வினவும் பழக்கம் தேவை. தோட்ட மருந்தகத்தின் காலை வரிசையில் அதற்கு இடமில்லை.

இப்புழுநோயின் குறிகள் ஏமாற்றுபவை. மேல்வயிற்றில் குடற்புண் போன்ற வலி, பொருமல், பசியின்மை அல்லது அடங்காப் பசி, மண்ணையும் சாம்பலையும் தின்னும் வேட்கை, வெளுத்த நாக்கு, முகவீக்கம், மேடேறினால் மூச்சிரைப்பு ஆகியவை காணப்படும். சித்த மருத்துவர் இதனைப் பாண்டு என்பர். தோட்டத்துரை இதனைச் சோம்பல் என்றார். இரண்டாவது பெயரிடல் மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில் சார்லஸ் ஸ்டைல்ஸ் 1902ஆம் ஆண்டு இந்நோயின் பரவலை அறிவித்தபோது அங்குள்ள செய்தித்தாள்கள் இதனைச் சோம்பலின் கிருமி என்றே எள்ளின. நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கின்றது. ஆன்கிலோஸ்டோமா வகை அதனினும் பன்மடங்கு. ஒருவன் குடலில் சில நூறு புழுக்கள் இருப்பின் ஆண்டு முழுவதும் அவன் இழக்கும் குருதியைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவன் மலையேற மறுத்தமைக்கு விளக்கம் வேறு வேண்டுவதில்லை.

ராக்கபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதார வாரியம் 1915ஆம் ஆண்டு கீழ்த்திசைக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பியது. பனாமாவில் பணியாற்றிய சாமுவேல் டார்லிங் அதன் தலைவர். மார்ஷல் பார்பர், மலாயாவில் மலேரியா ஆய்விலிருந்த ஹேக்கர் ஆகியோர் உடனிருந்தனர். மலாயா, ஜாவா, பிஜி ஆகிய மூன்று இடங்களிலும் அவர்கள் நிகழ்த்திய ஆய்வின் அறிக்கை 1920ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களின் முறை கவனத்துக்குரியது. மலத்தில் முட்டை உண்டா இல்லையா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மருந்து கொடுத்து வெளிப்பட்ட புழுக்களை எண்ணினர். அவ்வெண்ணிக்கையை இரத்தத்தின் செந்நிறப்பொருள் அளவோடு ஒப்பிட்டனர். தொற்று இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு என்னும் வேறுபாடு இதனால் எண்களில் நிறுவப்பட்டது. புழுவுடைய ஒவ்வொருவனும் நோயாளியல்லன்; புழுச்சுமை மிக்கவனே நோயாளி. வயிற்றுவலியை மதிப்பிடுதலில் 'உண்டா' என்னும் வினாவிலிருந்து 'எவ்வளவு' என்னும் வினாவுக்கு நகர்ந்தமை சிறிய முன்னேற்றமன்று. அம்முன்னேற்றத்துக்கு உடலைத் தந்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் முக்கியமானவர்கள். அவர்களுடைய பெயர்கள் எவ்வறிக்கையிலும் இல்லை.

டார்லிங் இன்னொரு கருத்தையும் முன்வைத்தார். இருவகைப் புழுக்களும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதைக் கொண்டு ஓர் இனத்தார் எங்கிருந்து வந்தனர் என ஊகிக்கலாம் என்றார். மக்களின் பெயர்வைக் குடற்புழுவில் படிக்கும் இம்முயற்சி விந்தையாகத் தோன்றினும், புலம்பெயர்ந்தோர் வரலாறு எழுதுவோர் அறிந்துகொள்ளத்தக்கதாகும்.

சிகிச்சையும் ஒரு சோதனையாகவே இருந்தது. தைமோல், கீனோபோடியம் எண்ணெய், 1921ஆம் ஆண்டுக்குப்பின் கார்பன் டெட்ராகுளோரைடு, அதன்பின் டெட்ராகுளோரோஎத்திலீன் என மருந்துகள் மாறின. இவற்றுள் சில புழுவை மட்டுமன்றி ஈரலையும் தாக்கின. மருந்துண்டு வாந்தியெடுத்தவன் அடுத்த முறை மருந்தகம் செல்லத் தயங்கியதை அறியாமை என்று எழுதிவைத்த அக்கால அதிகாரிகளின் தீர்ப்பை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மலைக்கு ஏறிய நோய்கள்

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் நில அளவை செய்த இம்மேட்டுநிலம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சாலையின்றிக் கிடந்தது. ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து வரும் மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பிரிஞ்சாங்குக்கு அப்பால் 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள கியா பார்ம், ஒருபுறம் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளையும் மறுபுறம் காய்கறித் தோட்டங்களையும் கொண்டது. தமிழ்த் தொழிலாளரும் சீனக் காய்கறி விவசாயிகளும் ஒரே சரிவில் அருகருகே உழைத்த இடமிது.

இங்குச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியஸ். கொக்கிப்புழுவின் இளம்பருவம் வளர்வதற்கு வெப்பமான ஈரமண் வேண்டும். 20 பாகைக்குக் கீழ் அது மிகவும் மந்தமடைகின்றது, நெகேட்டர் வகைக்கு இது இன்னும் பொருந்தும். எனவே மலைமண்ணில் புதுத்தொற்று குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் குடலில் குடியேறிய புழு பல ஆண்டுகள் வாழக்கூடியது. தஞ்சையிலோ சேலத்திலோ, அன்றித் தாழ்நில ரப்பர்த் தோட்டத்திலோ தொற்றுப்பெற்றவன் அதனைச் சுமந்தே மலையேறினான். ஆகவே இங்கு வயிற்றுவலியோடும் வெளுப்போடும் வந்தவனிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'என்ன தின்றாய்' என்பதன்று. 'எங்கிருந்து வந்தாய், எத்தனை ஆண்டாயிற்று' என்பதாகும். மலேரியாவுக்கும் இது பொருந்தும். இடப்பக்க விலாவின்கீழ் கனமும் வலியும் உடையவனுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கலாம். கொசு குறைந்த மலையில் அதனை எதிர்பாராத ஒருவர் 'வயிற்றுக்கட்டி' என்று மட்டும் எழுதி முடித்துவிடலாம்.

குளிரும் ஈரமும் வேறொரு புழுவுக்கு உகந்தன. உருண்டைப்புழுவின் தடித்த ஓடுடைய முட்டை குளிர்ந்த ஈரமண்ணில் நீண்டகாலம் உயிரோடிருக்கும். மனிதக் கழிவைக் காய்கறிப் பாத்திகளுக்கு உரமாக இடும் வழக்கம் அக்கால மலாயாவில் பரவலாக இருந்தது. குழந்தையின் தொப்புளைச் சுற்றி விட்டுவிட்டு வரும் வலி, உப்பிய வயிறு, இரவில் பற்கடித்தல் என்று தாய்மார் சொல்லும் குறிகளுள் முன்னிரண்டும் இப்புழுவைச் சுட்டுவன. பற்கடித்தலுக்கும் புழுவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. புழுக்கள் திரண்டு குடலை அடைத்துவிட்டால் குழந்தை பச்சைநிற வாந்தியெடுக்கும், மலமும் காற்றும் பிரியாது. அந்நிலையில் பேதி மருந்து கொடுப்பது கேடு விளைவிக்கும். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுக்கும் நம் இல்லவழக்கம் ஏனைய நாள்களில் தீங்கற்றதாயினும், இந்த ஒரு நாளில் தீங்காகும். மலேசியப் பள்ளிகளில் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் புழுநீக்கத் திட்டம் 1983ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதன்பின்னும் தோட்டப்புறக் குழந்தைகளிடையே புழுத்தொற்று நீடித்தது.

சீதக்கழிச்சலில் நோயறிதலின் தடை வேறுவகையானது. திடீரெனக் காய்ச்சலோடு தொடங்கி ஒரே நாளில் இருபது முறை போவது பெரும்பாலும் நுண்ணுயிர் வகை. கியோஷி ஷிகா 1897ஆம் ஆண்டு ஜப்பானில் அதன் காரணியைக் கண்டார். மெல்லத் தொடங்கி வாரக்கணக்கில் நீடிப்பது அமீபா வகை. பின்னதற்குக் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் 1912ஆம் ஆண்டு எமெட்டின் ஊசியை அறிமுகப்படுத்தினார். எமெட்டின் முன்னதற்குப் பயன்படாது, இதயத்துக்கும் தீங்கானது. எனவே பிரித்தறிதல் இன்றியமையாததாயிற்று. உயிருள்ள அமீபாவைக் காண வேண்டுமாயின் மலம் ஆறுவதற்குள் நுண்ணோக்கியின்கீழ் வைக்க வேண்டும். ஆறினால் அது அசைவிழந்து இனங்காண முடியாததாகும். குளிர்ந்த மலைக்காற்றில், நுண்ணோக்கியில்லாத தோட்ட மருந்தகத்திலிருந்து தானா ராத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மாதிரி அங்கு என்ன சொல்லியிருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டின் வரலாற்றில் மலாயாவுக்குத் தனியிடம் உண்டு. இந்நோயில் தொடக்கத்தில் பேதியைவிட மலச்சிக்கலே மிகுதி. வயிறு உப்பும், தொட்டால் நோகும், காய்ச்சல் படிப்படியாக ஏறும். மூன்றாம் வாரத்தில் குடல் துளைபட்டால் வயிறு பலகைபோல் இறுகும். தொடக்க நாள்களில் இது புதர்க் காய்ச்சலோடு எளிதில் மயங்கும். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகத்தில் பிளெட்சர், லெஸ்லார், லூத்வெயிட் ஆகியோர் 1920களிலிருந்தே இக்காய்ச்சல்களைப் பிரித்தறிய உழைத்தனர். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஜோசப் ஸ்மாடெல் தலைமையில் வந்த குழு, குளோரோமைசெட்டின் என்னும் புதுமருந்தைப் புதர்க் காய்ச்சலில் சோதித்தது. புதர்க் காய்ச்சல் எனக் கருதிச் சிகிச்சையளிக்கப்பட்டவர்களுள் டைபாய்டு நோயாளரும் இருந்தனர். அவர்களும் தேறினர். அதுவரை மருந்தேயில்லாதிருந்த டைபாய்டுக்கு மருந்து கிடைத்தமை இவ்வாறு ஒரு பிழையான நோயறிதலின் விளைவாகும். உட்வர்டு, ஸ்மாடெல், லே, கிரீன், மங்கிகர் ஆகிய ஐவர் பெயரில் வெளியான கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. மங்கிகர் இந்தியர் என்பதை நம் வரலாற்று நூல்கள் குறிப்பிடாமல் விட்டுவிடுகின்றன.

பெரட்டும் மருந்தகமும்

1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கின. நடைமுறையில் அக்கடமையின் முகம் டிரஸரே. காலைப் பெரட்டில் நிற்காதவன் அன்றைய கூலியை இழப்பான்; நோயென்று டிரஸர் எழுதித்தந்தால் மட்டுமே தண்டலின் சினத்துக்குத் தப்புவான். எனவே டிரஸர் மருந்து தருபவராக மட்டுமன்றிச் சான்று தருபவராகவும் இருந்தார். காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும். புண்ணைக் கண் காணும். வயிற்றுவலிக்கு மட்டும் நோயாளியின் சொல்லன்றி வேறு சான்றில்லை. பொய்யென்று ஐயுறப்படும் நோய்களில் அது முதலிடம் பெற்றதில் வியப்பில்லை.

அவ்வையம் மிகுந்த விலை கேட்கக்கூடியது குடல்வால் அழற்சியிலாகும். தொப்புளைச் சுற்றித் தெளிவற்ற வலியாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, அசைந்தால் மிகும் வலி அது. காலையில் வந்தவனுக்கு ஓமத்திரவம் கொடுத்து வேலைக்கு அனுப்பிய டிரஸர், மாலையில் அவனைத் தேடிச்சென்று மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா என்பதே அங்குத் திறமையின் அளவுகோல். ஒருமுறை பார்த்துத் தீர்ப்பளிக்க இயலாத நோய்கள் உண்டு. தேர்ந்த பழைய டிரஸர்கள் இதனை அறிந்திருந்தனர். அவர்களைப் பற்றிய நன்றியுணர்வு தோட்டத்து முதியோர் பேச்சில் இன்றும் உண்டு. அறுவைக்கு மலையிறங்க வேண்டும். சிம்பாங் பூலாய்ச் சாலை 2000களில் திறக்கப்படும்வரை தாப்பாவுக்கு இறங்கும், தானா ராத்தாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலையே வழி. கியா பார்மிலிருந்து அத்தொலைவு இன்னும் கூடும்.

பெண்களின் நிலை இதனினும் கடினமானது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள், டிரஸர் ஆண். மாதவிலக்கு வலி, கருச்சிதைவு, கருப்பைக்கு வெளியே தங்கிய கரு ஆகிய அனைத்தும் 'வயிற்றுவலி' என்ற அடக்கச் சொல்லுக்குள் மறைந்தன. 'எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது' என்ற ஒரு வினாவைக் கேட்க மருத்துவச்சியோ ஆயாவோ வேண்டியிருந்தது.

தெளிப்பானும் காற்றும்

1960களுக்குப்பின் மலையில் புதியதொரு வயிற்றுவலி தோன்றிற்று. காய்கறித் தோட்டங்களில் பாஸ்பரசுச் சேர்மப் பூச்சிமருந்துகள் பெருகின. தெளித்தவருக்கு வயிற்றைப் பிடித்திழுக்கும் வலி, வாந்தி, பேதி ஏற்படும். உணவு நஞ்சாதல் என்று எளிதில் எண்ணத் தோன்றும். வேறுபாடு கண்ணில் உள்ளது. கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கியிருக்கும், எச்சிலும் வியர்வையும் கண்ணீரும் பெருகும். உடனே அட்ரோபின் தந்தால் பிழைப்பர். தோட்டப்புறத்தில் தெளிப்பு வேலை பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் தலையில் விழுந்தது. தெனகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிச் செயல்வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைப் பதிவு செய்துள்ளது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002இல் அறிவிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020ஆம் ஆண்டு சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே கடந்த ஆண்டுகளில் எத்தனை பேதிகள் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதப்பட்டன என்பதை அறிய ஏடுகளே இல்லை.

இன்று மலேசியத் தமிழரிடம் மிகுதியாக வழங்கும் சொல் 'கேஸ்டிரிக்' என்பதாகும். மலாய் மொழியின் 'ஆங்ஙின்' என்னும் காற்றுக் கோட்பாடும் நம் வாயுவும் இச்சொல்லில் ஒன்றாகக் கலந்துள்ளன. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணம் என்ற நம்பிக்கையை வாரன், மார்ஷல் ஆகிய ஆஸ்திரேலியர் இருவர் 1980களில் தகர்த்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரைக் காட்டியதற்காக 2005ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீ, பராசக்தி ஆகியோர் மேற்கொண்ட ஆய்வுகள் மலேசிய இந்தியரிடையே இத்தொற்று மிகுதி எனவும் மலாய்க்காரரிடையே குறைவு எனவும் காட்டின. ஆயினும் இரைப்பைப் புற்றுநோய் சீனரிடையேதான் மிகுதி. இம்முரணுக்கு உணவு, மரபணு, நுண்ணுயிரின் வகை எனப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன; ஒன்றும் முழுமையாக ஏற்கப்படவில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தபின் முதன்முறையாகத் தோன்றும் 'கேஸ்டிரிக்', எடைக்குறைவு, கருநிற மலம், விழுங்குகையில் தடை ஆகியவற்றைக் காற்றென்று ஒதுக்கலாகாது. நெஞ்சின் அடியில் எரிச்சலாகத் தோன்றி இடக்கைக்குப் பரவுவது வயிற்றுநோயே அன்று. அது மாரடைப்பாக இருக்கலாம்.

கியா பார்ம் சரிவுகளில் இன்று கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல பிரிஞ்சாங், தானா ராத்தா, ஈப்போ என்று பெயர்ந்துவிட்டன. தானா ராத்தா மருத்துவமனையின் காலை வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞன், வங்கத்திலோ நேபாளியிலோ தனக்குத் தெரிந்த நான்கைந்து வலிச் சொற்களை விட்டுவிட்டு, 'சாக்கிட் பெருட்' என்னும் மலாய்த் தொடர் ஒன்றையே சொல்கின்றான்.